பதினேழாம் நம்பர் கடை

தாய்லாந்து போகிறேன் என்று ஆபீஸில் சொன்னதும் பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரியாகச் சிரித்தார். "குடும்பத்தோட சார், அம்மாவும் வர்றாங்க" என்றேன். சிரிப்பு பாதியில் நின்று அனுதாபமாக மாறியது.

இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பட்டாயா வேண்டாம் என்று முதலிலேயே முடிவாகிவிட்டது. குடும்பம் குடும்பமாக அங்கேயும் போய்த்தான் வருகிறார்கள். ஆனால் அதை என் வீட்டுக் கூடத்தில் நின்று வாதாடும் தைரியம் எனக்கில்லை. தேடித் தேடிப் பிடித்தது ஹுவா ஹின். பாங்காக்கிலிருந்து தெற்கே சுமார் 200 கிலோமீட்டர். நூறு வருஷமாக ராஜ குடும்பம் காற்று வாங்கப் போகிற ஊர். ஏழாம் ராமா அங்கே கட்டிய அரண்மனைக்கு 'கிளாய் காங்வோன்' என்று பெயர். கவலைக்கு வெகுதூரம் என்று அர்த்தம்.

இதை வீட்டில் பெருமையாகச் சொன்னேன். ப்ளஸ் டூ படிக்கிற மகள் போனைத் தட்டிப் பார்த்துவிட்டு, "அப்பா, 1932 ஜூன்ல அந்த ராஜா அங்க ரெஸ்ட் எடுத்துட்டு இருந்தப்பதான் பாங்காக்ல புரட்சி பண்ணி அவர் அதிகாரத்தையே பிடுங்கிட்டாங்களாம்" என்றாள். சகுனம் அப்போதே சரியில்லை.

மூன்றே ராத்திரி தங்கல். அதற்கு மூன்று வாரம் திட்டம் போட்டோம். மச்சான் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருமுறை போய்வந்தவர், அதனால் தாய்லாந்து ரயில்வே அவர் பொறுப்பில் இருப்பதாக நினைப்பு. "பாங்காக்ல ஹுவாலம்போங் ஸ்டேஷன்ல ஏறுங்க மாப்ளே, ஜன்னலோரம் உட்காருங்க, ஸ்வர்க்கம்" என்றார். பார்த்தால் 2023 ஜனவரியிலேயே தூரத்து ரயில்களை எல்லாம் பாங் சூ பக்கம் புது டெர்மினலுக்கு மாற்றிவிட்டார்கள். சொன்னேன். "என்னைக் கேட்காம எதுக்கு மாத்தினாங்க?" என்று கேட்காத குறையாக என்னிடம் கோபித்துக்கொண்டார். சுவர்ணபூமி ஏர்போர்ட்டிலிருந்தே ஹுவா ஹின்னுக்கு நேர் பஸ் இருப்பது தெரிந்ததும்தான் வீடு அடங்கியது.

அப்புறம் டிக்கெட். திங்கள் போய் வியாழன் திரும்பினால் தலைக்கு நாலாயிரம் மிச்சம். ராத்திரி பதினொன்றரைக்கு, எல்லோரும் தூங்கின பிறகு, பணம் திரும்பக் கிடைக்காத டிக்கெட்டைப் போட்டுவிட்டு ராஜாவாட்டம் படுத்தேன். காலையில் வீட்டுக்காரி தன் டைரியைத் திறந்து காட்டினாள். முதல் வரியிலேயே சிகாடா மார்க்கெட் என்று எழுதி, இரண்டு கோடு போட்டிருந்தாள். கைவினைப் பொருட்கள், பாட்டு, சாப்பாடு எல்லாம் திறந்தவெளியில். வெள்ளி, சனி, ஞாயிறு மட்டும்.

"ஸ்டேஷன் பக்கத்துல இன்னொரு நைட் மார்க்கெட் இருக்கு, அது தினமும் உண்டு" என்றேன். பதில் இல்லை. அன்றைக்கு உப்புமா.

வருகை அட்டை வேறு. இப்போது அதை ஆன்லைனில்தான் நிரப்ப வேண்டும், அதுவும் போய் இறங்குவதற்கு முந்தின மூன்று நாளுக்குள். நான் மூன்று வாரம் முன்னாடியே உட்கார்ந்துவிட்டேன். தேடியதும் முதலில் வந்த தளம் சந்தோஷமாக ஏற்றுக்கொண்டு, கட்டணம் கட்டச் சொன்னது. அட்டை இலவசம் என்று மகள் சொன்னபோது கார்டின் பின்பக்க மூன்று இலக்கத்தைத் தட்டிக்கொண்டிருந்தேன். விரல் அப்படியே நின்றது.

ப்ரயா நகோன் குகை என் ஆசை. காவோ சாம் ரோய் யோட் தேசியப் பூங்காவில், மலைக்குள் மேற்கூரை இடிந்த பெரிய குகை. உள்ளே ஐந்தாம் ராமாவின் வருகைக்காக 1890இல் எழுப்பிய சின்ன மண்டபம். காலை பத்தரையிலிருந்து கொஞ்ச நேரம் வெயில் மேலிருந்து நேராக அதன்மேல் விழும். கரடுமுரடான பாதையில் 430 மீட்டர் தூரம் ஏற வேண்டும். "அம்மாவுக்கு மூட்டு வலி" என்று இழுத்தேன். "திருப்பதிக்கு நடந்தே ஏறினவ நான்" என்றார் அம்மா. அது 1988இல்.

அம்மாவின் நிஜக் கவலை சாப்பாடுதான். நாம் உப்பு போடுகிற இடத்தில் எல்லாம் அங்கே மீன் சாஸ் ஊற்றுவார்கள் என்று யாரோ சொல்லிவிட்டார்கள். யாரோ என்ன, மச்சான்தான். உடனே புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, குட்டி ரைஸ் குக்கர் எல்லாம் ஊஞ்சலில் வரிசை கட்டின. மகள்தான் காப்பாற்றினாள். அங்கே 'ஜே' என்று ஒரு சாப்பாட்டு முறை இருக்கிறதாம். கறி, மீன், முட்டை, பால் கிடையாது. பூண்டு வெங்காயமும் கிடையாது. கடை வாசலில் மஞ்சள் கொடியில் சிவப்பாக எழுதியிருக்கும். படத்தைக் காட்டினாள். தாய் எழுத்து தெரியாத கண்ணுக்கு அது அச்சு அசல் 17.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். "வெங்காயங்கூடக் கிடையாதா? திவசத்தன்னிக்கே சாப்பிடலாம் போலிருக்கே!" ரைஸ் குக்கர் பரணுக்குத் திரும்பியது. புளிக்காய்ச்சல் மட்டும் நகரவில்லை.

அந்த நல்ல நேரத்தில் மிருகதாயவன் அரண்மனையையும் சொல்லிவைத்தேன். ஆறாம் ராமா 1920களில் கடலோரமாகக் கட்டிய தேக்கு மாளிகை. 1,080 கான்கிரீட் தூண்கள்மேல் நிற்கிறது. அம்மா கொட்டாவி விட்டார். "எறும்பு ஏறாம இருக்க ஒவ்வொரு தூணைச் சுத்தியும் தண்ணி நிக்கிற மாதிரி பள்ளம் விட்டிருக்காங்கம்மா" என்றேன். கொட்டாவி பாதியில் மூடியது.

"எங்க பாட்டி பலகார அலமாரி காலுக்கு அடியில கிண்ணியில தண்ணி வெப்பாளே, அதேதானே? ஆயிரத்து எண்பதுக்குமா? தினம் யாருடா தண்ணி ஊத்துறது?"

எனக்குத் தெரியவில்லை. அதற்குள் பெரியம்மாவுக்குப் போன் போய்விட்டது. குகை, கடல், மார்க்கெட் எதுவும் பேச்சில் வரவில்லை. "ஆமாக்கா, தாய்லாந்துதான். ஒரு ராஜா வீட்ல எறும்பே ஏறாதாம், அதைப் பார்த்துட்டு வரலாம்னு கிளம்பறோம். சாப்பாட்டுக்கு என்ன, பதினேழாம் நம்பர் கடை இருக்கு."