கோயிலில் தொடங்கி போட் கீ வரை

காரைக்குடியிலிருந்து வந்த மைத்துனருக்கு சிங்கப்பூரின் இரவு வாழ்க்கையைப் பார்க்க ஆசை. சரி என்று அழைத்துப் போனேன், முதலில் கோயிலுக்கு! டேங்க் ரோடு தெண்டாயுதபாணி கோயில், 1859இல் நகரத்தார் கட்டியது. சாமி கும்பிட்டுவிட்டு அங்கிருந்து ஆற்றுக்கு நடந்தே போகலாம்.

ஆற்றங்கரையில் முதலில் வரும் கிளார்க் கீயைச் சீக்கிரம் கடந்துவிட்டோம் ('கீ' என்றால் படகுத்துறை). பழைய கிடங்குகளுக்கு மிட்டாய் நிறம் பூசி, தலைக்கு மேல் ராட்சதக் குடைகளையும் விரித்திருக்கிறார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. 1880களில் கட்டிய ரிவர் ஹவுஸ் என்ற சீன வீடு மட்டும் நிற்க வைத்தது.

போட் கீ வேறு ரகம். ஆறு இங்கே கெண்டை மீன் வயிறுபோல் வளைவதால் செல்வம் சேரும் என்பது சீனர்களின் நம்பிக்கை. சேரவும் சேர்ந்தது: 1860களில் சிங்கப்பூரின் கப்பல் சரக்கில் முக்கால் பங்கு இந்தக் கரையில்தான் இறங்கியது. தொடக்கத்தில் சரக்குத் தோணிகளை ஓட்டியவர்களில் சூலியாக்கள் எனப்பட்ட நம் தமிழ் முஸ்லிம்களே அதிகம், அப்புறம்தான் சீனர்கள்.

ஒடுங்கிய முகப்பு, உள்ளே நீளும் கடைவீடுகள். கீழே வியாபாரம், மேலே குடித்தனம். "முற்றம் இருக்குமா அத்தான்?" என்றார் மைத்துனர். செட்டிநாட்டுக்காரர் வேறு எதைக் கேட்பார்! காற்றுக்கும் வெளிச்சத்துக்கும் நடுவே திறப்பு விடுவார்கள், நம் முற்றத்தில் கால்வாசிகூட வராது என்றேன்.

சற்றுத் தள்ளி மார்க்கெட் ஸ்ட்ரீட். இன்று வானளாவிய கட்டடங்கள் நிற்கும் அந்தப் பக்கம்தான் செட்டியார்கள் வட்டித்தொழில் நடத்திய கிட்டங்கிகள் இருந்தன. ஆளுக்கொரு பெட்டி, அதன் முன்னே தரையில் உட்கார்ந்து கணக்கு வழக்கு, இரவில் அங்கேயே படுக்கை. மைத்துனரின் ஐயாவும் பெட்டியடிப் பையனாக வந்தவர்தானாம். ஊரிலுள்ள பெரிய வீடுகள் பல இப்படித் தரையில் படுத்தவர்கள் அனுப்பிய பணத்தில் எழும்பியவை.

1977இல் தொடங்கிய ஆற்றுச் சுத்திகரிப்பில் தோணிகள் 1983இல் பாசிர் பாஞ்சாங்குக்குப் போயின. 1989இல் கடைவீடுகள் பாதுகாப்புப் பட்டியலில் சேர்ந்தன. பிறகு வந்தவைதான் பார்கள். ஏழு மணிக்கு மேல் மெனு அட்டையோடு வழிமறிப்பார்கள். தண்ணீரை ஒட்டிய மேசைகளில் பியர் விலை கேட்டால் பக்தி வந்துவிடும். பின்னாலுள்ள சர்க்குலர் ரோடு பரவாயில்லை. கடையில் வாங்கிப் பாலத்தில் உட்கார்ந்து குடிக்கலாம் என்று நினைத்தால், இரவு 10.30க்கு மேல் பொது இடத்தில் குடிப்பது குற்றம்.

கடைசியில் 1869இல் கட்டிய கவெனா பாலம். மாடும் குதிரையும் ஏறக்கூடாது என்ற பழைய அறிவிப்பு இன்னும் நிற்கிறது. மைத்துனர் அதன் பக்கத்தில் நின்று படமெடுத்துக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டார். "உன்னை எப்படி விட்டார்கள்?" என்று என் மனைவி உடனே பதில் அனுப்பினாள்.