கையடக்க எல்சிடி டிவி: வெள்ளைத் திரையிலிருந்து படம் வரை

சித்தப்பா தொண்ணூறுகளில் சிங்கப்பூரிலிருந்து வாங்கி வந்த சின்ன கலர் டிவி. சட்டைப்பையில் அடங்கிவிடும். சுவிட்சைப் போட்டால் பின்விளக்கு எரிகிறது, ஆனால் திரை முழுக்க வெள்ளை. ஸ்பீக்கரில் இரைச்சல்கூட இல்லை. அனலாக் ஒளிபரப்பு இல்லாத ஊரிலும் இந்த மாதிரி டிவியில் பெரும்பாலும் ஒரு 'உஸ்' சத்தமாவது வரும். அதுவும் இல்லையென்றால் ஆன்டெனாவை விட்டுவிட்டு உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டைத்தான் பார்க்க வேண்டும்.

பேட்டரியைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் அப்படியே வைத்தேன். பின்விளக்கு ஒரு மெல்லிய ஃப்ளோரசென்ட் குழாய். அதை எரிக்கப் பக்கத்திலேயே ஒரு குட்டி இன்வெர்ட்டர் இருக்கிறது. பேட்டரியின் சில வோல்ட்டை அது பல நூறு வோல்ட்டாக ஏற்றுகிறது. பொருள் சின்னது என்று அங்கே விரல் வைக்கக் கூடாது.

ஜப்பான் தயாரிப்புகளில் ஸ்க்ரூ தலை பெரும்பாலும் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தொழில் தரம்) வகை. நம் வழக்கமான ஸ்டார் திருப்புளி அதில் முழுசாக உட்காராது, தலை தேய்ந்துவிடும். ஜேஐஎஸ் திருப்புளி ஒன்று தனியாக வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. மூடியை ஒரேயடியாக இழுக்கவும் வேண்டாம். உள்ளே ஸ்பீக்கர் ஒயரும் திரைக்குப் போகும் ரிப்பன் கேபிளும் இரண்டு பாதியையும் இணைத்திருக்கும்.

திரையை லென்ஸ் வைத்துப் பார்த்தபோது வேலையையே மறந்துவிட்டேன். சிவப்பு, பச்சை, நீலக் கட்டங்கள் நேர்வரிசையில் இல்லை. செங்கல் சுவரைப் போல ஒவ்வொரு வரிசையும் கொஞ்சம் தள்ளித் தள்ளி அமைந்திருக்கிறது. புள்ளிகள் குறைவாக இருக்கும் திரையில் இப்படி மாற்றி வைத்தால் படத்தின் ஓரங்கள் அவ்வளவாகப் படிக்கட்டாகத் தெரியாது. எப்சன் இடி-10 என்ற கையடக்க டிவி கலர் எல்சிடியைக் கைக்குக் கொண்டுவந்தது 1984-இல். குறைந்த புள்ளிகளை வைத்து நல்ல படம் காட்ட அந்தக் காலத்துப் பொறியாளர்கள் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்!

சரி, கோளாறுக்கு வருவோம். போர்டில் குட்டி அலுமினிய டப்பா மாதிரி நிற்கிற எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டர்கள்தான் (உள்ளே திரவம் வைத்து மின்னூட்டத்தைத் தேக்கும் பாகங்கள்) காரணம். அடியில் திரவம் கசிந்து, பளபளப்பாக இருக்க வேண்டிய ஈயம் சாம்பல் நிறமாகியிருந்தது. சால்டரிங் அயர்ன் பட்டதும் கருவாட்டு நாற்றம். அந்த நாற்றம் வந்தால் கசிவு உறுதி.

இவற்றைத் திருகிப் பிடுங்கினால் அடியில் இருக்கும் செம்புப் பட்டையும் சேர்ந்து வந்துவிடலாம். இரண்டு காலையும் ஒரே நேரத்தில் சூடாக்கி, சாமணத்தால் மெதுவாகத் தூக்கினேன். அப்புறம் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலும் பல்துலக்கும் பிரஷ்ஷும் கொண்டு நன்றாகத் தேய்த்தேன். இந்தக் கழுவல்தான் பாதி வைத்தியம். மிச்சமிருக்கும் திரவம் அரித்துக்கொண்டே இருக்கும், புதுசு போட்டும் பயனில்லாமல் போகும்.

உயரம் குறைவாக இருக்க வேண்டும் என்பதால், அவற்றுக்குப் பதிலாக டான்டலம் என்ற உலோகத்தைக் கொண்ட கெப்பாசிட்டர்கள் போட்டேன். சர்க்யூட்டில் வரும் வோல்ட்டேஜைப் போல இரண்டு மடங்காவது தாங்குகிறவையாகப் பார்த்து எடுத்தேன். ஒரு விஷயத்தில் கவனம் தேவை: பழைய டப்பாவில் கறுப்புப் பட்டை இருக்கும் பக்கம் மைனஸ், டான்டலத்தில் கோடு போட்டிருக்கும் பக்கம் பிளஸ். மாற்றி வைத்தால் டான்டலம் தீப்பிடித்துக்கூட எரியும்.

சிங்கப்பூரிலும் நம் ஊர் மாதிரியே பால் (PAL) என்ற அனலாக் கலர் டிவி முறைதான் இருந்தது என்பதால் சோதிப்பது சுலபம். பழைய விசிஆரின் (வீடியோ கேசட் பிளேயர்) ஆர்எஃப் அவுட்டை, அதாவது டிவி சேனல் போலவே சிக்னல் தரும் முனையை, ஆன்டெனா பக்கம் கொடுத்து, யுஹெச்எஃப் அலைவரிசையில் தேடவிட்டேன். தேடல் கோடு நகர்ந்து போய் ஒரு இடத்தில் நின்றது. படம் வந்துவிட்டது, கலரோடு! சத்தமும் வருகிறது, ஆனால் கூடவே ஒரு ரீங்காரம். ஆடியோ பக்கம் இரண்டு கெப்பாசிட்டர் இன்னும் பழையதுதான். அடுத்து அவற்றை மாற்ற வேண்டும். பின்விளக்குக் குழாயின் முனைகள் கறுத்திருந்தாலும் வெளிச்சம் போதுமானதாக இருக்கிறது, அதை இப்போதைக்குத் தொடப்போவதில்லை.