வாடகைச் செடிகள்: ஜூலை குறிப்புகள்

ஜூலை 1, 2024, திங்கள்

சென்னை துரைப்பாக்கம், நாங்கள் செடி வாடகைக்கு விடும் ஆபீஸ். கேட் பாஸில் 22 தொட்டி, வண்டியில் 23. செக்யூரிட்டி அண்ணன் அசையவில்லை. கூடுதலாக வந்த மணி பிளான்ட் நாள் முழுக்க வண்டியிலேயே வெந்தது.

நான்காவது மாடியில் மீட்டிங் ரூம் வாசலில் நிற்கும் அரேகா பனை மறுபடி மஞ்சள். மே மாதத்திலிருந்து இது மூன்றாவது. பட்டுப்போனால் மாற்றித் தருவது எங்கள் செலவு. செடியை வாடகைக்கு விடுகிறோம் என்று ஊர் நினைக்கிறது. உண்மையில் நாங்கள் விற்பது ஷிப்ட். கொஞ்ச நாள் ஏசியில் வேலை, கொஞ்ச நாள் தோட்டத்து நிழல்வலைக்குக் கீழே ஓய்வு. ஸ்நேக் பிளான்ட் மட்டும் லீவே கேட்காத ஊழியன்.

ஜூலை 4, வியாழன்

துரைப்பாக்கம் அட்மினிலிருந்து போன். "உங்க செடியால ஃப்ளோர் முழுக்கக் கொசு." போய்ப் பார்த்தேன். கொசு இல்லை. ஈர மண்ணில் முட்டையிடும் குட்டி ஈ, கடிக்காது. ஆனால் டெங்கு பயத்தில் இருப்பவரிடம் பூச்சியியல் பேசி என்ன பயன்? மஞ்சள் ஒட்டு அட்டை செருகிவிட்டு வந்தேன்.

அரேகா தொட்டியில் இரண்டு கணு ஆழம் விரலை விட்டால் ஒரே சேறு. எங்கள் வேலைப் பையன் வாரம் ஒரு முறைதான் ஊற்றுகிறான். அப்படியானால் மிச்சத் தண்ணீர் யாருடையது? செடி வாடினால் தண்ணீர் விட்டுக் காப்பாற்றலாம். வேர் அழுகினால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

ஜூலை 8, திங்கள்

பெருங்குடியில் ஒரு புது இடம். "ஆக்சிஜன் தர்ற, காத்தைச் சுத்தம் பண்ற செடியா குடுங்க" என்றார் மேடம். எல்லோரும் சொல்லும் அந்த நாசா ஆய்வு 1989-இல் வந்தது; மூடிய சின்னப் பெட்டிக்குள் செய்தது. கட்டடத்துக்குள் சாதாரணமாக வந்துபோகும் காற்று செய்யும் வேலையைச் செடிகள் செய்ய, சதுர மீட்டருக்குக் குறைந்தது 10 செடியாவது வேண்டும் என்று 2019-இல் ஒரு மறுஆய்வு கணக்கிட்டது. நாற்காலி போட இடம் இருக்காது. அதைச் சொன்னேன்.

"அப்போ எதுக்கு வைக்கணும்?"

"பார்க்க நல்லா இருக்கும் மேடம்."

சிரித்துவிட்டு ஆறு ஜீஜீ பிளான்ட் எடுத்துக்கொண்டார். இருபது கேட்டு வந்தவர்தான், சரி.

சாயங்காலம் அக்லோனிமா செடியில் மாவுப்பூச்சி. வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல், முதுகு வலி.

ஜூலை 11, வியாழன்

காலை ஏழு மணிக்கே நான்காவது மாடிக்குப் போனேன். ஹவுஸ்கீப்பிங் அக்கா முந்தின நாள் மீட்டிங்கில் பாதி குடித்து வைத்த பாட்டில்களை ஒவ்வொன்றாகத் திறந்து அரேகாவில் கவிழ்த்துக்கொண்டிருந்தார். பதினான்கு பாட்டில். எண்ணினேன்.

"அக்கா, செடி செத்துடும்."

"குடிக்கிற தண்ணி தம்பி. சிங்க்ல கொட்ட மனசு வரல. 2019-ல ஒரு குடத்துக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு லாரிகிட்ட நின்னவ நான்."

அந்தக் கோடையில் இந்த ஓஎம்ஆர் (பழைய மகாபலிபுரம் சாலை) கம்பெனிகளே தண்ணீர் இல்லாமல் ஆட்களை வீட்டிலிருந்து வேலை செய்யச் சொன்னது நினைவுக்கு வந்தது. கோபமாகத்தான் போயிருந்தேன். ஒன்றும் சொல்ல வரவில்லை.

ஜூலை 15, திங்கள்

பேன்ட்ரியில் மூடியோடு ஒரு வாளி வைத்தேன். மிச்சம் எல்லாம் அதில், செடிக்கு ஊற்றுவது நாங்கள். அக்காவுக்கு முழு நம்பிக்கை இல்லை. "நெஜமா ஊத்துவீங்களா, கீழ கொட்டிடுவீங்களா?"

ஜூலை 22, திங்கள்

வாளி நிறைந்திருந்தது. இந்தப் பக்கத்து போர்வெல் தண்ணீரின் உப்பில் பீஸ் லில்லியின் இலை நுனி எப்போதும் கருகும். இது சுத்திகரித்த தண்ணீர், அதற்கு விருந்து. அந்த மாடியில் போர்வெல் தண்ணீரை நிறுத்திவிட்டோம்.

புது அரேகாவின் மண் மேலே காய்ந்திருக்கிறது, ஈ குறைந்துவிட்டது. வாளியின் அடியில் மட்டும் யாரோ ஊற்றிய காபி. அக்கா மாடி முழுக்க ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்.