சாக்லேட் ஊரின் ஹாக்கி அணி: 93 சீசன்களை ஒரே தாளில் வரைந்து பார்த்தேன்

ஹெர்ஷி பேர்ஸ் அணியின் வரலாற்றை ஒரு நீளமான தாளில் வரையும் வேலை ஒருவழியாகச் சுவர் ஏறிவிட்டது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் சாக்லேட் தொழிற்சாலையைச் சுற்றி வளர்ந்த ஊர் ஹெர்ஷி. மக்கள்தொகை 15,000 கூடக் கிடையாது. அந்த ஊரின் ஐஸ் ஹாக்கி அணிதான் பேர்ஸ், அதாவது கரடிகள். வட அமெரிக்காவின் முதன்மை ஹாக்கி லீக்கான என்ஹெச்எல்லுக்கு அடுத்த படியான அமெரிக்கன் ஹாக்கி லீக்கில், அதாவது ஏஹெச்எல்லில், 1938 முதல் இடைவெளி இல்லாமல் ஆடிவருகிறது. அந்த லீக்கில் இதைவிடப் பழைய அணி இல்லை.

நான் இங்கே வந்து சேர்ந்தது கூடைப்பந்து வழியாக. வில்ட் சேம்பர்லின் 1962 மார்ச் 2 அன்று என்பிஏ லீக்கின் ஒரே ஆட்டத்தில் 100 புள்ளி எடுத்தார். அந்தச் சாதனை இன்றுவரை நிற்கிறது. ஆட்டம் நடந்தது பிலடெல்ஃபியாவிலும் இல்லை, நியூயார்க்கிலும் இல்லை, ஹெர்ஷியில் இருந்த ஒரு பனித்தள அரங்கில். பார்க்க வந்தவர்கள் 4,124 பேர். இவ்வளவு சின்ன ஊரில் இப்படி ஒரு அரங்கை யாருக்காகக் கட்டினார்கள் என்று தேடப்போய், பேர்ஸிடம் மாட்டிக்கொண்டேன்.

தாளின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன், இதேபோல் வேறு அணிக்குச் செய்ய நினைப்பவர்களுக்கு உதவும். ஒரு சீசனுக்கு 3 செ.மீ. 1932-33இல் தொடங்கி 2024-25 வரை 93 சீசன்கள், மொத்தம் 2.8 மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. சுருளாகக் கிடைக்கும் வெள்ளைத் தாளே நல்லது. தனித்தனி சார்ட்டை ஒட்டினால் ஒட்டு விழும் இடத்தில் பேனா மசி பரவும். நடுவில் தாள் முழுக்க ஓடும் பழுப்புக் கோடு பேர்ஸ். அதற்கு மேலே உள்ள வண்ணப் பட்டை அந்தந்த ஆண்டின் தாய் அணி. கீழே மெல்லிய சாம்பல் கோடுகள், அதே லீக்கின் மற்ற பழைய அணிகள். கோப்பை வென்ற ஆண்டுக்கு ஒரு மஞ்சள் வட்டம்.

தாய் அணி என்றால் என்ன என்று தெரிந்தால்தான் இந்தப் படம் புரியும். இரண்டாம் நிலை லீக்கில் ஆடும் பெரும்பாலான வீரர்களின் ஒப்பந்தம் மேலே உள்ள என்ஹெச்எல் அணியிடம் இருக்கும். அங்கே ஒருவருக்குக் காயம் என்றால் இங்கே நன்றாக ஆடிக்கொண்டிருப்பவரை அன்று இரவே கூப்பிட்டுக்கொள்வார்கள். கோச்சையும் அப்படித்தான் எடுப்பார்கள். சின்ன அணி ஒரு நாற்றங்கால். பறித்து நடுவதற்காகவே வளர்க்கும் இடத்தில் வயலின் விளைச்சலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. ஆனால் ஹெர்ஷியின் பார்வையாளர்கள் எதிர்பார்க்கிறார்கள், அணியும் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. அது எப்படி என்று கண்ணால் பார்க்கத்தான் இவ்வளவு நீளத் தாள்.

முதல் சில சென்டிமீட்டர்களில் தாய் அணியே இல்லை. சாக்லேட் முதலாளி மில்டன் ஹெர்ஷியும், ஊரின் கேளிக்கை வேலைகளைக் கவனித்துவந்த ஜான் சொல்லன்பெர்கரும் சேர்ந்து 1932இல் அணியைத் தொடங்கினார்கள். முதலில் வைத்த B'ars என்ற பெயரில் சாக்லேட் பாரும் கரடியும் சேர்ந்தே ஒலித்தன. விளம்பர வாடை அடிக்கிறது என்ற பேச்சு எழுந்ததால் 1936இல் வெறும் பேர்ஸ் ஆனது.

அந்தக் காலம் பொருளாதாரப் பெருமந்தத்தின் காலம். நாடெங்கும் வேலை இல்லை. மில்டன் ஹெர்ஷியோ ஊர்க்காரர்களுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று ஹோட்டல், சமூக மையம் என்று கட்டிக்கொண்டே போனார். அந்த வரிசையில் வந்ததுதான் அரங்கம். ஜெர்மனியில் வளர்ந்த மெல்லிய கான்கிரீட் ஓட்டு முறையை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்த அன்டன் டெடெஸ்கோ என்ற பொறியாளர் கூரையை வடிவமைத்தார். நீளவாக்கில் பாதியாகப் பிளந்த பீப்பாய் வடிவம். உள்ளே ஒரு தூண்கூடக் கிடையாது. 200 அடிக்கும் மேலான அகலத்தை மூடி நிற்கும் அந்த ஓட்டின் தடிமன் பெரும்பகுதியில் சுமார் மூன்றரை அங்குலம்தான். கான்கிரீட் ஊற்றியதும் ஊர்க்காரர்கள்தான். 1936 மார்ச்சில் தொடங்கிய வேலை அதே டிசம்பரில் முடிந்து, 7,000 பேருக்கு மேல் உட்காரக்கூடிய அரங்கில் ஹாக்கி தொடங்கிவிட்டது.

இந்த இடத்தில் தாளில் மட்டும் வரைந்தால் போதாது என்று தோன்றியது. கூரையை அட்டையில் செய்து பார்த்தேன். மெல்லிய அட்டையை லேசாக ஈரப்படுத்தி, தண்ணீர் கேனைச் சுற்றி ரப்பர் பேண்ட் போட்டு ஓரிரவு விட்டால் வளைவு நிற்கும். வெறும் வளைந்த அட்டையின் நடுவில் விரல் வைத்தால் இரு ஓரங்களும் வெளியே நழுவுகின்றன. ஓரங்களை அடித்தளத்தில் பிடித்து ஒட்டி, குறுக்கே வளைவுச் சட்டங்களையும் வைத்துவிட்டால் அதே அட்டை ஒரு கனமான புத்தகத்தைத் தாங்குகிறது. எடையெல்லாம் வளைவு வழியாக ஓரத்துக்கு இறங்குகிறது, ஓரம் நகராமல் இருந்தால் போதும். மூன்றரை அங்குலம் எப்படி நிற்கிறது என்ற கேள்விக்கு இதைவிட நல்ல விடை எனக்குக் கிடைக்கவில்லை. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் கட்டாயம் செய்து காட்டுங்கள்.

அப்புறம் 1938. பேர்ஸ் ஏஹெச்எல்லுக்கு ஏறுகிறது. அந்த லீக்கின் சாம்பியனுக்குக் கொடுக்கும் கால்டர் கோப்பை முதல்முறை 1947இல், பிட்ஸ்பர்க் ஹார்னெட்ஸை ஏழு ஆட்டத் தொடரில் வென்று. 1956இல் ஃபிராங்க் மேதர்ஸ் வருகிறார். ஆடிக்கொண்டே கோச்சாகவும் இருந்தவர் அவர். 1973 வரை கோச், பிறகு 1991 வரை நிர்வாகம். 1958, 1959, 1969 கோப்பைகள் கோச்சாக; 1974, 1980, 1988 கோப்பைகள் நிர்வாகியாக. தாளில் அவர் பெயருக்கு மட்டும் ஒரு மீட்டருக்கு மேல் நீளும் கோடு போட்டிருக்கிறேன். வீரர்கள் ஓரிரு ஆண்டில் பறந்துவிடும் லீக்கில் ஒரே மனிதர் 35 ஆண்டுகள்! இந்த அணியின் கதையில் ஒருவரைத்தான் நினைவில் வைக்கமுடியும் என்றால் நான் அவரைத்தான் சொல்வேன். 1992இல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

மேதர்ஸ் வந்த அதே ஆண்டில் வந்த வில்லி மார்ஷலும் முக்கியமானவர். ஏஹெச்எல் வரலாற்றில் அதிகப் புள்ளிகள், 1,375, அவருடையவை. என்ஹெச்எல்லில் ஆறே அணிகள் இருந்த காலம் அது. இன்றைக்கென்றால் மேலே எளிதாக இடம் கிடைத்திருக்கக்கூடியவர்கள் அன்று ஆண்டுக்கணக்கில் இந்த லீக்கிலேயே ஆடினார்கள். பழைய ஏஹெச்எல்லின் தரம் அவ்வளவு உயர்ந்திருந்ததற்கு இதுவே காரணம்.

சாம்பல் கோடுகளை வரைந்தபோதுதான் எனக்கு இந்தக் கதையின் முடிச்சு பிடிபட்டது. 1967இல் என்ஹெச்எல் ஆறிலிருந்து பன்னிரண்டு அணிகளாகப் பெருகியது. புது அணிகளுக்குப் பெரிய ஊர்கள் வேண்டும். ஹாக்கி பார்க்கும் கூட்டம் ஏற்கெனவே இருந்த ஊர்களில் சிலவற்றில் ஏஹெச்எல் அணிகள் ஆடிக்கொண்டிருந்தன. பிட்ஸ்பர்க்குக்கு பென்குவின்ஸ் வந்தது, ஹார்னெட்ஸ் கோடு 1967இல் நின்றது. பஃபலோவுக்கு சேபர்ஸ் வந்தது, பைசன்ஸ் கோடு 1970இல் நின்றது. இதில் மனசைப் பிசையும் செய்தி, ஹார்னெட்ஸும் பைசன்ஸும் தங்களுடைய கடைசி சீசனில் கால்டர் கோப்பையை வென்றுவிட்டுத்தான் போனார்கள். இரண்டு கோடுகளும் மஞ்சள் வட்டத்தில் முட்டி நிற்கின்றன. நன்றாக ஆடினால் அணி பிழைக்கும் என்ற நம்பிக்கைக்கு அங்கே இடமே இல்லை. கிளீவ்லாந்து பேரன்ஸ் 1973இல் சீசன் நடுவிலேயே ஜாக்சன்வில்லுக்கு இடம்பெயர்ந்தது. பிராவிடென்ஸ் ரெட்ஸ் 1977இல் ஊரைவிட்டுப் போனது.

ஹெர்ஷியின் பழுப்புக் கோடு மட்டும் ஓடிக்கொண்டே இருக்கிறது. ஊர் சின்னது, அதனால் என்ஹெச்எல் அந்த இடத்தைக் கேட்டு வராது. அணியும் அரங்கமும் ஒரே கையில், அதாவது ஹெர்ஷி நிறுவனக் குடும்பத்தின் கையில் இருக்கின்றன, அதனால் வாடகை கட்டமுடியாமல் ஓடவேண்டியதில்லை. லாபம் குறைந்த ஓர் ஆண்டில் விற்றுவிடத் துடிக்கும் முதலாளியும் இல்லை. திறமையால் கோப்பைகள் வந்தன, ஆனால் அணி பிழைத்தது இந்த ஏற்பாட்டால்தான் என்பது என் முடிவு.

மேலே உள்ள வண்ணப் பட்டைதான் வரையச் சிரமம் கொடுத்தது. 1970களின் நடுவில் பிட்ஸ்பர்க் பென்குவின்ஸ், பஃபலோ சேபர்ஸ் இரண்டும் ஒரே நேரத்தில் ஹெர்ஷிக்கு வீரர்களை அனுப்பின. பட்டையை நீளவாக்கில் இரண்டாகப் பிரித்து இரண்டு வண்ணம் தீட்டினேன். அடுத்து வாஷிங்டன் கேப்பிடல்ஸ், 1984 முதல் பிலடெல்ஃபியா ஃபிளையர்ஸ், 1996 முதல் கொலராடோ அவலாஞ்ச், 2005 முதல் மறுபடியும் வாஷிங்டன். வண்ணம் காய்ந்து, தள்ளி நின்று பார்த்தபோது ஒன்று தெரிந்தது. 1969 கோப்பை பாஸ்டன் புரூயின்ஸ் காலத்தில், 1974 பென்குவின்ஸ், 1980 கேப்பிடல்ஸ், 1988 ஃபிளையர்ஸ், 1997 அவலாஞ்ச். தாய் அணி மாறிக்கொண்டே இருக்க, கிட்டத்தட்ட ஒவ்வொரு வண்ணத்துக்குக் கீழேயும் மஞ்சள் வட்டம் விழுந்திருக்கிறது. பட்டியலாகப் படித்தபோது இது என் கண்ணில் படவே இல்லை. இன்னொன்று, 1940கள் முதல் ஒவ்வொரு பத்தாண்டிலும் குறைந்தது ஒரு கோப்பை. 2010களுக்கு 2010ஆம் ஆண்டின் கோப்பை ஒன்றே கைகொடுத்திருக்கிறது.

1988ஐ மட்டும் தனியாகப் பெரிதாக எழுதியிருக்கிறேன். அந்த ஆண்டு பிளேஆஃபில் ஆடிய 12 ஆட்டங்களிலும் வெற்றி. ஒன்றில்கூடத் தோற்கவில்லை.

கோச்சுகளுக்கு மேல்நோக்கிய அம்புக்குறி போட்டேன். இதில் வாஷிங்டன் ஒரு வழக்கமே வைத்திருக்கிறது. 1979 நவம்பரில் கேரி கிரீன், 1981 நவம்பரில் பிரையன் மரே, 2007 நவம்பரில் புரூஸ் பூட்ரோ. மூன்று பேரும் ஹெர்ஷியில் சீசன் நடந்துகொண்டிருக்கும்போதே மேலே அழைக்கப்பட்டவர்கள். கேரி கிரீனுக்கு அப்போது 26 வயது. அவர் போன பிறகும் அந்த சீசனில் ஹெர்ஷி கோப்பையை வென்றது, அதுதான் 1980 வட்டம். பூட்ரோ 2006இல் ஹெர்ஷிக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்தவர், மேலே போன முதல் சீசனிலேயே என்ஹெச்எல்லின் சிறந்த கோச் விருது பெற்றார். 1997 கோப்பையை வென்ற பாப் ஹார்ட்லி 2001இல் கொலராடோவுடன் என்ஹெச்எல் சாம்பியனுக்கான ஸ்டான்லி கோப்பையையே தூக்கினார்.

பழைய அரங்கிலிருந்து பேர்ஸ் 2002இல் பக்கத்திலேயே கட்டிய ஜெயன்ட் சென்டருக்கு மாறியது. சுமார் 10,500 இருக்கைகள். 2008-09இல் அலெக்சாண்டர் ஜிரூ ஒரே சீசனில் 60 கோல், அடுத்த சீசனில் அணிக்கு 60 வெற்றி, இரண்டு ஆண்டுகளிலும் கோப்பை. அந்த அணிகளில் இருந்த ஜான் கார்ல்சனும் ஜே பீகிளும் 2018இல் வாஷிங்டனுக்காக ஸ்டான்லி கோப்பை வென்றார்கள். பீகிள் அதற்கு முன்பே மூன்றாம் நிலை லீக்கின் கோப்பையையும் வென்றவர். மூன்று படியிலும் கோப்பை!

2020, 2021 கட்டங்களில் சாய்ந்த கோடு போட்டிருக்கிறேன். கொரோனாவால் அந்த இரண்டு சீசன்களிலும் கால்டர் கோப்பை வழங்கப்படவில்லை. அதன்பின் 2023, 2024. இரண்டு இறுதிப் போட்டிகளிலும் எதிரணி கலிஃபோர்னியாவின் கோச்செல்லா வேலி ஃபயர்பேர்ட்ஸ், இரண்டுமே ஓவர்டைம் கோலில் முடிந்தன. 2023இல் ஏழாவது ஆட்டம், மைக் வெக்கியோனே அடித்தது. 2024இல் ஆறாவது ஆட்டம், மேட் ஸ்ட்ரோம் அடித்தது. மொத்தம் 13 வட்டங்கள் ஆயிற்று.

தாளின் அடி ஓரத்தில் பொம்மைகளுக்கு ஒரு வரி. ஆண்டுக்கு ஓர் ஆட்டத்தில் பேர்ஸ் முதல் கோல் அடித்ததும் பார்வையாளர்கள் எல்லாரும் கரடி பொம்மைகளைப் பனித்தளத்தில் வீசுவார்கள். அள்ளியெடுத்து உதவி அமைப்புகள் வழியாகக் குழந்தைகளுக்குக் கொடுப்பார்கள். கனடாவில் தொடங்கிய வழக்கம் இது, ஆனால் ஹெர்ஷி அளவுக்கு யாரும் செய்யவில்லை. 2019இல் 45,650 பொம்மைகள். 2024இல் 74,599. 2025 ஜனவரியில் 1,02,343. ஊரின் மக்கள்தொகையோடு ஒப்பிட்டுப் பாருங்கள்! நெடுந்தொலைவிலிருந்து பைபையாகக் கட்டிக்கொண்டு வருகிறார்கள். 10,000 பொம்மைக்கு ஒரு சின்னக் கரடி முகம் என்று வரைந்தேன், 2025க்குப் பத்து முகம். கட்டத்துக்குள் அடங்காமல் பக்கத்து வெள்ளையிலும் வழிகிறது, அப்படியே விட்டுவிட்டேன்.

இனிப் பாக்கி இருப்பது, ஓய்வு கொடுக்கப்பட்ட சீருடை எண்களை அந்தந்த வீரரின் காலத்துக்கு நேராக எழுதுவதும், அட்டைக் கூரையை 1936க்கு மேலே ஒரு சிறு பலகையில் பொருத்துவதும். அடுத்த சுருளை ராச்செஸ்டர் அமெரிக்கன்ஸுக்கு எடுத்துவைத்திருக்கிறேன். 1956 முதல் அதே ஊரில், அதே பெயரில் ஆடும் அணி. அங்கே தாய் அணிப் பட்டைக்கு அகலம் கூட்டி 4 செ.மீ. வைக்கப்போகிறேன்.