பிராட் பீன்ஸ் ஊறுகிற வாரம்

ஜூன் 13, 2025, வெள்ளி

சிங்கப்பூர் தேக்கா சந்தையில் மளிகை வாங்கும்போது காய்ந்த பிராட் பீன்ஸ் கண்ணில் பட்டது. தோலோடு இருக்கும் பழுப்பு நிற முழுப்பயறு ஒன்று, தோல் நீக்கி உடைத்த வெளிர்மஞ்சள் பருப்பு ஒன்று. இரண்டிலும் அரைக் கிலோ வாங்கிக்கொண்டேன்.

நம் மொச்சைக்கு இது தூரத்து உறவுதான். மொச்சை வெயில் பூமியில் காய்க்கும் கொடி. பிராட் பீன்ஸ் குளிர் கேட்கும் செடி. சீனாவில்தான் அதிகம் விளைகிறது. ஆஸ்திரேலியாவில் விளைவதிலும் பெரும்பங்கு எகிப்துக்குக் கப்பல் ஏறுகிறது. மொச்சையைவிடப் பெரிது, தட்டை, ஒரு முனையில் கறுப்புக் கோடு இருக்கும். சிங்கப்பூரில் வளர்ந்தவர்களிடம் கச்சாங் பாராங் என்றால் உடனே தெரிந்துவிடும். பொரித்து உப்புப் போட்டுக் கொறிப்பதோடு சரி, குழம்பில் போடுகிறவர்கள் குறைவு. எனக்கு அது பெரிய இழப்பாகவே படுகிறது.

வாங்கும்போது நிறத்தைப் பார்க்க வேண்டும். பயறு பழசாக ஆக, தோல் கருத்துக்கொண்டே போகும். வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் மாதக்கணக்கில் கிடந்த பயறு, எத்தனை விசில் விட்டாலும் நடுவில் கல்லாகவே நிற்கும். இங்கே வருஷம் முழுக்க அப்படிப்பட்ட காற்றுதான். அதனால் கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் போட்டுச் சீக்கிரம் தீர்ப்பதே நல்லது. வட்டமாகச் சிறு ஓட்டை தெரிந்தால் வண்டு குடியிருந்த பயறு, ஒதுக்கிவிட வேண்டும்.

ஜூன் 14, சனி

காலையிலேயே முழுப்பயறை ஊறப் போட்டேன். ஒரு பங்கு பயறுக்கு நான்கு பங்கு தண்ணீர், ஒரு கரண்டி உப்பு. மிதந்தவற்றை எடுத்துப் போட்டாயிற்று.

இந்தப் பயறு ஊறுவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம். முதலில் தோல் மட்டும் தண்ணீர் குடித்துச் சுருக்கம் சுருக்கமாக உப்பும். உள்ளே பருப்பு அப்படியே இறுகிக் கிடக்கும். அப்புறம் பருப்பு மெதுவாகப் பருத்துத் தோலை நிரப்ப, சுருக்கமெல்லாம் மறைந்துவிடும். ஒன்றைக் குறுக்கே வெட்டிப் பார்க்க வேண்டும். நடுவில் வெள்ளையாக உலர்ந்த புள்ளி தெரிந்தால் இன்னும் ஊற வேண்டும். பெரிய பயறுக்கு ஒரு ராத்திரி போதாது, சில சமயம் ஒரு முழு நாள் கேட்கும்.

நம் வீட்டுச் சமையலறைச் சூட்டில் ஒரு நாள் வெளியே வைத்தால் நுரை கட்டிப் புளித்துவிடும். மதியம் தண்ணீரை மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டேன். மாற்றிய தண்ணீர் டீ நிறத்தில் இருந்தது. தோலில் உள்ள துவர்ப்பு இறங்குவதால் அப்படி.

ஜூன் 15, ஞாயிறு

இன்று கருவாட்டுக் குழம்பு. மாமியாரும் நானும் மேசையில் உட்கார்ந்து தோல் உரித்தோம்.

“தோலோட போட்டா என்னம்மா? மொச்சைக்கு இவ்வளவு பாடு படுறோமா?” என்றார்.

“இது தோல் தடிசு அத்தை. வெந்தாலும் வாயில நார் மாதிரி நிக்கும்.”

கறுப்புக் கோடு இருக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் நகத்தால் ஒரு கீறல், இரண்டு விரலால் ஓர் அழுத்து, பருப்பு வழுக்கிக்கொண்டு வெளியே வந்துவிடும். பிடிவாதம் பிடிக்கும் பயறைக் கொதிநீரில் ஒரு நிமிஷம் போட்டு எடுத்தால் இளகிவிடும். அரைக் கிலோவுக்கு ஒரு மணி நேரம் ஆகும் வேலை. ஆனால் குழம்பில் அந்தப் பருப்பு வெண்ணெயாகக் கரைவதற்குக் காரணமே இந்த ஒரு மணி நேரம்தான். இதில் அவசரப்பட்டால் வேறு எதைப் போட்டும் ஈடுகட்ட முடியாது.

தோல் உரித்ததைக் குக்கரில் வைக்காமல் திறந்த பாத்திரத்திலேயே வேகவைத்தேன். குக்கரில் ஒரு விசில் கூடினாலும் கூழாகிவிடும். மேலே பொங்கும் நுரையை எடுத்துக்கொண்டே இருந்தால் இருபது, இருபத்தைந்து நிமிஷத்தில் விரலால் நசுக்கும் பதம் வரும்.

புளி அதற்குப் பிறகுதான். புளிப்பு சேர்ந்துவிட்டால் பயறு மேற்கொண்டு இளகாது. அரைவேக்காட்டில் புளித்தண்ணீரை ஊற்றினால் எவ்வளவு கொதித்தாலும் அதே நிலைதான். தனியாக நல்லெண்ணெயில் வெந்தயம், சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, கத்திரிக்காய் வதக்கி, குழம்புத்தூளும் புளியும் விட்டுப் பச்சை வாசனை போனதும் வெந்த பயறைச் சேர்த்தேன். கடைசியில் வெந்நீரில் அலசிய நெத்திலிக் கருவாடு, இங்கே எல்லோரும் இக்கான் பிலிஸ் என்கிறோமே அதுதான். மாமியார் இரண்டாம் தடவை சோறு போட்டுக்கொண்டார்.

ஜூன் 17, செவ்வாய்

அண்ணி போன் செய்தார். பள்ளி விடுமுறை முடிவதற்குள் சனிக்கிழமை குடும்பத்தோடு வருகிறார்களாம். “நீ ஏதோ பயறு செஞ்சியாமே, அதை மட்டும் சின்னவன் கண்ணுல காட்டாதே” என்றார். நானும் அதைச் சொல்லத்தான் நினைத்திருந்தேன்.

அண்ணன் பையனுக்கு ஜி6பிடி குறைபாடு. ரத்தச் சிவப்பணுக்களைக் காக்கும் நொதி அவன் உடம்பில் போதிய அளவு இல்லை. பிராட் பீன்ஸில் உள்ள வைசின், கான்வைசின் என்ற பொருள்கள் வயிற்றில் மாறி, அப்படிப்பட்டவர்களின் சிவப்பணுக்களை உடைத்துவிடும். முகம் வெளுத்து, கண் மஞ்சளாகி, சிறுநீர் கடுந்தேநீர் நிறத்தில் போனால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும். ஊறவைப்பதாலும் வேகவைப்பதாலும் அந்தப் பொருள்கள் கொஞ்சம் குறையுமே தவிர முழுக்கப் போய்விடாது. “நல்லா வெந்திருக்கு, ஒரு வாய் சாப்பிடட்டும்” என்ற பேச்சுக்கே இடமில்லை.

இந்தக் குறைபாடு எக்ஸ் குரோமோசோம் வழியாக வருவதால் ஆண் பிள்ளைகளிடம்தான் அதிகம் தெரியும். சிங்கப்பூரில் 1965 முதலே பிறந்த குழந்தைகளுக்குத் தொப்புள்கொடி ரத்தத்தில் இதைச் சோதித்துவிடுகிறார்கள். அதற்கு முன்பு பிறந்த சில நாளில் கடுமையான மஞ்சள் காமாலை மூளையைத் தாக்கி எத்தனையோ குழந்தைகள் போயிருக்கின்றன. இங்கே பிறந்த பிள்ளைகளுக்குச் சோதனை முடிவு கையில் இருக்கும். வேறு ஊரில் பிறந்து இங்கே வந்தவர்களுக்குத் தெரியாமலே இருக்கலாம். அதனால் யாருக்குப் பரிமாறினாலும் கேட்டுவிட்டுத்தான் பரிமாற வேண்டும். அலமாரியில் போடும் பாச்சை உருண்டையும் இந்தப் பிள்ளைகளுக்கு ஆகாது. எங்கள் வீட்டில் அதை எப்போதோ விட்டுவிட்டோம்.

ஜூன் 19, வியாழன்

உடைத்த பருப்பில் வடை. இதற்குத் தோல் உரிக்கும் வேலை இல்லை, ராத்திரி ஊறினால் போதும்.

எகிப்தில் இதே பருப்பை ஊறவைத்து, வேகவைக்காமல் அரைத்து, கொத்தமல்லியும் பூண்டும் சேர்த்துத் தட்டிப் பொரிப்பார்கள். தாமியா என்று பெயர். நம் மசால் வடைக்கும் அதே முறைதானே! நான் சோம்பு, பச்சை மிளகாய், இஞ்சி, வெங்காயம், கறிவேப்பிலை போட்டேன். தண்ணீரை நன்றாக வடித்துத் துணியில் உலர்த்தி, சொட்டுத் தண்ணீர் விடாமல் கரகரப்பாக அரைக்க வேண்டும். வேகவைத்த பயறில் தட்டினால் எண்ணெயில் உதிர்ந்துவிடும். கடலைப்பருப்பு வடையைவிட உள்ளே மெத்தென்று, லேசான பச்சை வாசனையோடு வந்தது. வீட்டுக்காரர் தட்டை நகர விடவில்லை.

ஜூன் 21, சனி

இன்று வீட்டில் பிராட் பீன்ஸ் கிடையாது. சின்னப் பிள்ளைகள் யார் தட்டிலிருந்து எதை எடுப்பார்கள் என்று சொல்ல முடியாது. தனித்தட்டு, தனிக்கரண்டி என்றெல்லாம் நம்பி இருக்க எனக்கு மனசு வரவில்லை. வியாழக்கிழமை பொரித்த எண்ணெயையும் கொட்டிவிட்டேன். உளுந்து வடை, சாம்பார், கோழி வறுவல். “அத்தை, இன்னொரு வடை” என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

ஜூன் 22, ஞாயிறு

உரித்து மீந்த பயறு ஃப்ரீசரில் கல்லாகக் கிடக்கிறது. டப்பா மேல் பேனாவால் பெரிதாகப் பெயர் எழுதி, “சின்னவனுக்கு வேண்டாம்” என்றும் எழுதி ஒட்டிவிட்டேன். இளக வைக்காமல் நேராகக் கொதிநீரில் போட்டால் போதும். அடுத்த வாரம் தேங்காய்ப்பால் விட்டு, முருங்கைக்காயோடு ஒரு கூட்டு செய்யலாம் என்று இருக்கிறேன்.