டிபார்ட்மென்ட் டி-ஷர்ட் பன்னிரண்டு, போர்வை ஒன்று

தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகள் பலவற்றில் வகுப்புக்கு டி-ஷர்ட் போட்டு வரக்கூடாது. சிம்போசியம், கல்ச்சுரல்ஸ் நாட்களில் மட்டும்தான் அனுமதி. அதனால் பதினைந்து வருடம் கழித்தும் பீரோவில் துணி புதுசு மாதிரியே இருக்கும், தொப்பைதான் இடம் கொடுக்காது. போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனால் "எந்த பேட்ச்?" என்ற கேள்வி வேறு. அதற்குப் பெருமையும் கூச்சமும் சேர்ந்தே வரும். தூக்கிப் போடவும் மனசு வராது. போர்வையாக்குவது நல்ல வழி.

கத்தரி எடுக்கும் முன் ஒரு கணக்கு. இன்னும் உடம்புக்குச் சேர்கிற ஒன்றை வெட்டாமல் வையுங்கள். சென்னை ஐ.ஐ.டி.யின் சாரங் கலைவிழாவுக்கு முன்பு மார்டி கிரா என்று பெயர். அந்தப் பெயர் போட்ட பனியன் கையில் இருந்தால் அதையும் தொடாதீர்கள்.

பனியன் துணியை வெட்டியதும் ஓரம் சுருளும். பக்கவாட்டு ஓரங்கள் பின்பக்கமாகவும் மேல், கீழ் ஓரங்கள் முன்பக்கமாகவும் சுருட்டிக்கொள்ளும். இழுத்துப் பிடித்துத் தைத்தால் சதுரம் சாய்சதுரமாகிவிடும். இதற்கு மருந்து, டெய்லர் சாமான் கடையில் கிடைக்கும் மெல்லிய ஃபியூசிங் துணி, அதாவது சூடு பட்டால் ஒட்டிக்கொள்ளும் பசைத் துணி. 36 அங்குல அகலத்தில் 2.75 மீட்டர் போதும்.

வரிசை முக்கியம். முதலில் டி-ஷர்ட்டில் அச்சடித்த படத்தை நடுவில் வைத்து 17 அங்குலச் சதுரமாகத் தாராளமாக வெட்டுங்கள். உள்பக்கம் 16 அங்குல ஃபியூசிங்கை ஒட்டுங்கள். பிறகுதான் சரியாக 15 அங்குலத்துக்கு வெட்ட வேண்டும். முதலிலேயே 15-க்கு வெட்டிவிட்டு ஒட்டினால் ஒவ்வொன்றும் ஒரு அளவில் வந்து நிற்கும்.

ஒட்டும்போது இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், பத்துப் பன்னிரண்டு விநாடி அழுத்தி எடுத்து அடுத்த இடத்துக்குப் போங்கள். ரப்பர் பிரின்ட் சூட்டில் இளகும், அடியில் பட்டர் பேப்பர் இல்லாவிட்டால் மேசையோடு ஒட்டிக்கொண்டு உரியும். கல்லூரிப் பெயரில் பாதி மேசைவிரிப்புக்குப் போய்விடும். விளையாட்டு ஜெர்சி பாலியஸ்டர், அதற்குக் குறைந்த சூடுதான்.

காலர் வைத்த டி-ஷர்ட்டில் தலைவலி உண்டு. மார்பில் 3 அங்குல எம்பிராய்டரி லோகோ மட்டும் இருக்கும், 15 அங்குலச் சதுரத்தில் அது அனாதையாகத் தெரியும். அப்படிப்பட்ட நான்கை 8 அங்குலமாக வெட்டி ஒரே சதுரமாக இணைத்தால் பார்க்க நன்றாக இருக்கும்.

தைக்க 14-ஆம் நம்பர் பால்பாயின்ட் ஊசி, அதாவது முனை உருண்டையான ஊசி. சாதா ஊசி பனியனின் கண்ணியை அறுத்து ஓட்டை போடும். தையல் நீளம் 3 மி.மீ., மடிப்புக்கு அரை அங்குலம். மூன்றுக்கு நான்கு வரிசை இணைத்தால் சுமார் 42-க்கு 56 அங்குலம் வரும். போர்வைக்கு மேல், நடு, அடி என்று மூன்று அடுக்கு. நடு அடுக்காகப் பாலியஸ்டர் பஞ்சு ஷீட் வைக்கச் சொல்வார்கள், நம்ம ஊர் வெயிலுக்கு அது தண்டனை. பழைய எட்டு முழ வேட்டியை இரண்டாக மடித்து வைத்தால் கனமும் கச்சிதம். அடியில் காட்டன் பெட்ஷீட். நடுவிலிருந்து வெளியே நான்கு அங்குலத்துக்கு ஓர் ஊக்கு குத்தாமல் மெஷினில் ஏற்றினால் அடித்துணி மடிந்து தைத்துக்கொள்ளும், பிரிப்பது நரகம். அச்சின் மேல் தையல் ஓட்டாதீர்கள், ஊசி ஓட்டை மூடாது. ஓரப்பட்டிக்கு 2.5 அங்குல அகலத்தில் ஐந்தேகால் மீட்டர்.

கடைசி நாள் எல்லாரும் கையெழுத்துப் போட்ட வெள்ளைச் சட்டைதான் சிக்கல். ஈரப் பஞ்சால் ஓர் ஓரத்தைத் தொட்டுப் பாருங்கள். மை ஊதாவாகப் படர்ந்தால், துவைப்பதற்கு முன்பே எழுத்தின் மேல் ஒற்றை இழை எம்பிராய்டரி நூலால் பின் தையல் (பேக் ஸ்டிச்) போட்டாக வேண்டும். 'மறந்துடாதடா மச்சி' என்ற இரண்டு சொல்லுக்கே முக்கால் மணி நேரம் பிடிக்கும். கோணலைத் திருத்தாமல், எழுதினவன் வளைத்த மாதிரியே தைக்கணும்.