79க்குப் பக்கத்து வீடு 80

அப்பாவுக்கு உடம்பு கொஞ்சம் சுட்டால் போதும், அரை மணிக்கொரு தடவை தேர்மோமீற்றரை வாயில் வைப்பார். அளவு குறைந்திருந்தால் நம்பாமல் உதறுவார். இம்முறை உதறிய உதறலில் அது அலுமாரி விளிம்பில் பட்டு உடைந்தது. பாதரசம் மணிமணியாக உருண்டோட, அம்மா குந்தியிருந்து வெறுங்கையாலேயே எல்லாவற்றையும் கூட்டி அள்ளினார். எழும்பிப் பார்த்தால், கல்யாண மோதிரம் வெள்ளை வெளேரென்று இருக்கிறது.

"அந்தப் பத்தர் வெள்ளிக்கு முலாம் பூசித் தந்திருக்கிறார்!"

பத்தர் செத்து எவ்வளவு காலம்! பதில் சொல்ல எழும்பியா வருவார்? அவரைக் காட்டித்தந்த பெரிய மாமியையும், சம்பந்தமே இல்லாமல் மாமியின் மூத்த மருமகனையும்கூட அம்மா விட்டுவைக்கவில்லை.

தம்பி உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பிக்கிறவன், சும்மா இருப்பானா? பாதரச ஆவி நஞ்சு, தும்புத்தடியால் கூட்டவும் கூடாது என்று சொல்லி யன்னல்களையெல்லாம் திறந்துவிட்டான். கச்சான் காற்று வீதிப் புழுதி முழுவதையும் வீட்டுக்குள் கொண்டுவந்து கொட்டியது. பிறகு பாடம். உப்புவெளிக் கடலிலே மூழ்கினாலும் கன்னியா வெந்நீரிலே குளித்தாலும் தங்கத்துக்கு ஒன்றும் ஆகாதாம். நைத்திரிக் அமிலம் தனியே கரைக்காது, ஐதரோகுளோரிக் அமிலமும் தனியே கரைக்காது, இரண்டும் கூட்டுச் சேர்ந்தால்தான் உண்டு. உருக்குவதென்றால் 1064 பாகை செல்சியஸ். இத்தனை வீறாப்பும் பாதரசத்திடம் மட்டும் பலிக்காது. அடுப்பும் வேண்டாம், அமிலமும் வேண்டாம், தொட்டாலே ஒட்டிக் கலந்துவிடும்.

"ஆவர்த்தன அட்டவணையில் தங்கம் 79, பாதரசம் 80. பக்கத்து வீடு, அம்மா."

அதுவரை ஏறாத பாடம் அந்த ஒரு சொல்லில் அம்மாவுக்கு ஏறிவிட்டது. மதிலுக்கு அங்கால் போன எங்கள் முருங்கைக் கொப்பின் கதையைத் தொடங்கினார். அதை முழுக்கக் கேட்டுத்தான் எழும்பினோம்.

கடைத்தெருப் பத்தர் மோதிரத்தைக் கையில் வாங்கவே இல்லை, தாளில் வைக்கச் சொன்னார். சூடாக்கினால் இரசம் போய்விடும், ஆனால் அந்தப் புகை பொல்லாதது, என் பட்டறையில் முடியாது என்றார். அம்மா அசையவில்லை.

"இரசம் ஏறி நிறை கூடியிருக்கும் அல்லவா? கூடிய நிறைக்கும் இன்றைய பவுண் விலைதானே போடுவீர்கள்?"

பத்தர் கண்ணாடியைக் கழற்றித் தம்பியைப் பார்த்தார். தம்பி தெருவைப் பார்த்தான். விற்கிற எண்ணம் அம்மாவுக்கு மருந்துக்கும் கிடையாது. ஆனால் விலை கேட்காமல் ஒரு கடைப்படி இறங்கியதாக அவருக்குச் சரித்திரமே இல்லை.